இன்ஜினில் ஒரு சிவப்புக் கோடு

தரையில் சீறிக்கொண்டு ஓடுகிற கார், மலைப்பாதையில் மட்டும் ஏன் மூச்சுத் திணறி நின்றுபோகிறது? குடிபாலா துலுக்காணத்தின் வண்டியைப் பற்றி ஊரில் எல்லோரும் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு அதற்குப் பதில் தெரியாது. துலுக்காணத்துக்கும் தெரியாது. தெரியாமல்தான் அன்று காலை ஒரு கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு, திருப்பதி மலையடிவாரத்தில் இருக்கும் அலிபிரி சோதனைச் சாவடியைத் தாண்டினார்.

முதல் சில வளைவுகள் வரை வண்டிக்கு ஒன்றும் இல்லை. அதன் பிறகு செங்குத்தான ஓர் ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஆக்சிலேட்டரை அழுத்தினார். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் யாரோ கயிறு கட்டி இழுப்பது போல வண்டி தொய்ந்தது. எவ்வளவு மிதித்தாலும் சத்தம் கூடவில்லை, வேகமும் கூடவில்லை.

முன் சீட்டில் மணப்பெண்ணின் தாய்மாமன் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா டிரைவரே, மாடு படுத்துக்கிச்சா?"

"ஒரு நிமிஷம் சார், சூடாயிருக்கும்."

"தாலி இந்த வண்டியிலதான்யா கீது! மாப்பிள்ள மேல ஒக்காந்துகினு இன்னா பண்ணுவான்? நடந்து வந்திருந்தா இந்நேரம் மொட்டையே அடிச்சிருப்போம்."

பின் சீட்டில் சிரித்தார்கள். துலுக்காணத்துக்குக் காது சுட்டது. சாவியைத் திருகி இன்ஜினை அணைத்து மறுபடி கிளப்பினார். விளக்கு அணைந்தது. அடுத்த ஏற்றத்தில் திரும்பவும் எரிந்தது. இப்படி நிறுத்தி நிறுத்தி, ஊர்ந்து ஊர்ந்து, முகூர்த்தம் தப்பும் நேரத்தில் கூட்டத்தை மேலே கொண்டு சேர்த்தார். தாய்மாமன் இறங்கும்போது கதவை அறைந்த அறையில் கண்ணாடி அதிர்ந்தது.

இந்தத் துலுக்காணம் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிட வேண்டும். அவருடைய நைனா அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் வெட்டுக் கூலியாக இருந்தவர். பிற்பாடு சர்க்கார் கொடுத்த துண்டு நிலத்தில் நிலக்கடலை போட்டார். மகனுக்கோ நிலத்தில் கால் நிற்காது. பத்தாவது முடிக்காமலே மாங்காய் லாரியில் கிளீனராகப் போனார். லாரியை விட்டுச் சென்னையில் டிரைவர் ஆனார். சென்னையை விட்டுக் குவைத்துக்குப் போய் ஓர் அரபி வீட்டுக்குக் கார் ஓட்டினார். அங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. திரும்பி வந்து, சென்னையில் ஓர் அதிகாரி வைத்திருந்த வெள்ளை பெட்ரோல் காரைப் பழைய விலைக்கு வாங்கி, சித்தூருக்கும் திருப்பதிக்கும் சவாரி அடிக்க ஆரம்பித்தார். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்தி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பார். சவாரி இல்லாத நேரத்தில் காரைத் துடைப்பார். துடைத்ததையே துடைப்பார்.

நாலுவழிச் சாலை போட்டார்கள், ரேணிகுண்டாவில் விமானம் கூடுதலாக இறங்கியது, ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டு விசாவுக்கு அலைந்தார்கள். துலுக்காணமும் மறுபடி குவைத்துக்குப் போகலாமா என்று திருப்பதியில் ஓர் ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைத்தான் அவர் சொல்லாமல் இருந்தார்.

கல்யாணக் கூட்டம் திட்டிவிட்டுப் போன அன்று சாயங்காலம் மனைவி செல்வியிடம் நடந்ததைச் சொன்னார். செல்வி மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"இது வேலைக்கி ஆவாது செல்வி. வண்டிய வித்துட்டு நான் போய்க்கினே இருக்கப் போறேன்."

"வண்டி கெட்டா ரிப்பேர் பண்ணுவாங்க மாமா. நாட்ட விட்டா ஓடுவாங்க?"

"எல்லாம் பண்ணியாச்சி. திருப்பதியில ஒருத்தன் பிளக்க மாத்தினான். இன்னொருத்தன் ஏதோ சுவிட்ச மாத்தினான். ரெண்டு பேரும் தரையில ஓட்டிப் பாத்துட்டு சூப்பர்னு சொல்லிக் குடுத்தாங்க."

"அப்போ மலைக்கி ஓட்டிக்கினு போறவன்கிட்ட காமி. காமிச்சப்புறமும் ஆவலன்னா போ. நான் தடுக்கல."

தடுக்கல என்று அவள் சொன்ன விதத்திலேயே தடுப்பு இருந்தது. துலுக்காணம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார்.

மறுநாள் ரேணிகுண்டாவில் விமான நிலையச் சாலையில் ஷெட் வைத்திருக்கும் ரமணாவிடம் போனார். ரமணா ஐ.டி.ஐ. முடித்து, சென்னையில் ஒரு பெரிய ஷோரூமில் இந்த மாதிரிக் கார்களையே பார்த்துவிட்டு, சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவன். பேச்சில் பாதி தெலுங்கு கலக்கும்.

பானெட்டைத் திறந்ததும் ரமணா சிரித்தான். இன்ஜினில் எங்கெல்லாம் இரண்டு பாகங்கள் சேர்கின்றனவோ அங்கெல்லாம் ஓரத்தில், ஆயில் கசியாமல் அடைக்கப் பூசுகிற சிவப்புப் பேஸ்ட் பிதுங்கிக் காய்ந்திருந்தது.

"ஏமி அண்ணா, இன்ஜினுக்கு சீமந்தமா? குங்குமம் பூசி வச்சிருக்கீங்க."

"பங்காருபாளையத்துல ஆயில் கசிவுக்கு வேலை பாத்தது. அத்த வுடு, அது நல்ல வேலை. மலையில ஏன் இழுக்கலன்னு பாரு."

ரமணா கையடக்கமான கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகிப் படித்தான். "வால்வு லிஃப்ட் பக்கம் ஆயில் பிரஷர் வரலன்னு காட்டுது."

"அதையேதான் திருப்பதியிலயும் சொன்னான். சொல்லிட்டு பிரஷர் சுவிட்ச மாத்தினான்."

"வீட்டுல தண்ணி வரலன்னா குழாய மாத்தினா போதுமா அண்ணா? தொட்டியப் பாக்கணும், பைப்பப் பாக்கணும். ஒக்க நிமிஷம், உங்களுக்கு வெவரமா சொல்றேன்."

அவன் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். இன்ஜினுக்குள் காற்று நுழைய வால்வுகள் உண்டு. சாதாரண இன்ஜினில் அவை எப்போதும் ஒரே அளவுதான் திறக்கும். இந்தக் காரில் அப்படி இல்லை. மெதுவாக ஓடும்போது கொஞ்சமாகத் திறக்கும். இன்ஜின் வேகமாகச் சுழலும்போது ஒரு மின்வால்வு வழி விட, ஆயில் பாய்ந்து போய் உள்ளே ஒரு சின்ன ஊசியைத் தள்ளும். ஊசி நகர்ந்தால் வால்வு இன்னும் உயரமாகத் திறக்கும். காற்று நிறைய நுழையும். வண்டி ஏற்றத்தில் இழுக்கும். ஆயில் தள்ளவில்லை என்றால் கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டு, அதற்கு மேல் வேகமாகச் சுழல விடாது. தரையில் நிதானமாக ஓட்டுகிறவருக்கு அந்த உயரம் தேவையே படாது. அதனால் குறையும் தெரியாது. மலைதான் அதைக் கேட்கும்.

துலுக்காணம் ஷெட்டுக்குள் நடந்துகொண்டே கேட்டார். ரமணா ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஆயில் அளவு சரி. ஒயர் எங்கும் அறுந்திருக்கவில்லை. மின்வால்வுக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தான். "டிக்" என்றது. எடுத்தான், கொடுத்தான். மறுபடி "டிக்."

"இது உயிரோட இருக்கு அண்ணா."

பிறகு பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு மீட்டரைத் திருகினான். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, வேகமாகச் சுழல விட்டு, மின்வால்வைத் திறந்தான். முள் சோம்பேறியாகக் கொஞ்சம் எழுந்து அங்கேயே நின்றது.

"பம்ப்ல பிரஷர் இருக்கு. இங்க வந்து சேரல. நடுவுல ஏதோ அடைச்சிருக்கு. அந்த டிக்னு அடிச்ச வால்வக் கழட்டணும்."

துலுக்காணம் நின்றார். இவ்வளவு நேரமும் குறை அகப்படாது என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. குறை அகப்படாவிட்டால் யாரையும் கேட்காமல் விமானம் ஏறலாம்.

"வுடு ரமணா. அடுத்த வாரம் பாக்கலாம்."

"எதுக்கு அண்ணா? மூணு போல்ட்டுதான்." ஸ்பேனர் ஏற்கெனவே போல்ட்டில் இருந்தது.

மின்வால்வு, வாஷரோடு ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று பிரிந்தது. அந்த வாஷரிலேயே கொசு வலையைப் போல மெல்லிய சல்லடை ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. ஆயில் அதன் வழியாகத்தான் போக வேண்டும். சல்லடையின் மேல் தக்காளித் தோல் போலச் சிவப்புச் சிவப்பாய்ப் பேஸ்ட் படிந்திருந்தது. விரல் நுனி அளவுக்கு மட்டும்தான் இடம் திறந்திருந்தது.

"வெளிய எவ்வளவு பிதுங்குதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும் அண்ணா. இங்க பேஸ்ட்டே போடக் கூடாது. புது வாஷர் போட்டாப் போதும். யார் போட்டது?"

போட்டவன் பங்காருபாளையம் மெக்கானிக் பழனி. ஆனால் மாங்காய் சீசனில் அவன் ஷெட்டில் நடந்தது துலுக்காணத்தின் கண்முன் வந்தது. பழனி மெல்லிசாகத்தான் தடவினான். அந்தச் சாலையில் மாங்காய் ஏற்றும் ஜீப்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓரத்தில் சிவப்புக் கோடு தெரிந்தால்தான் வேலை நடந்ததாக நம்புவார்கள். தெரியாவிட்டால் மெக்கானிக் ஏமாற்றிவிட்டான் என்று பேச்சு. அவரும் லாரியில் வளர்ந்தவர்தானே. "இன்னா பழனி, தாயத்துக்குக் குங்குமம் தொட்டு வைக்கற மாரி பூசற? கோடு தெரியணும்பா, நல்லா வையி" என்று பக்கத்தில் நின்று வைக்கச் சொன்னது அவர்தான். ஒரு சுற்று போதாது என்று இரண்டு சுற்று.

"நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றார் கடைசியில்.

ரமணா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆயில் போகும் வழியைச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினான். மீட்டரின் முள் இந்தத் தடவை விருட்டென்று எழுந்தது.

வியாழக்கிழமை செல்வி ஃபேக்டரிக்கு லீவு போட்டு, முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். கல்யாணக் கூட்டம் நின்ற அதே ஏற்றத்தில் துலுக்காணம் ஆக்சிலேட்டரை அழுத்தினார். ஒரு கணம் கழித்து இன்ஜினின் குரல் மாறியது. வண்டி முன்னால் பாய்ந்தது. மஞ்சள் விளக்கு வரவில்லை. செல்வி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"யோவ், மெதுவா! சாமி எங்கியும் ஓடிடாது."

மேலே வண்டியை நிறுத்தியதும் அவள் இறங்கவில்லை.

"வண்டிக் கோளாறு தெரிஞ்சிபோச்சி. இப்போ உன் கோளாறு இன்னா மாமா?"

"வண்டி ஓடினாலும் போவணும்னுதான் தோணுது செல்வி. எங்க இருந்தாலும் அங்கேந்து போவணும்னு தோணுது. நான் இன்னா பண்ணட்டும்?"

"போறதுன்னா போ. வண்டி கெட்டுச்சி, அதனால போறேன்னு மட்டும் ஊர்ல சொல்லாத. நான் அந்தப் பொய்யத் தூக்கிக்கினு திரிய மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு சவாரி. ஆட்களை மேலே விட்டுவிட்டு, இறங்கி நேராக ஏஜெண்டைப் பார்ப்பதாக எண்ணம். போகிறேன் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்பது அலிபிரி தாண்டும்போதும் முடிவாகவில்லை.

பாதி மலையில் ஒரு வளைவின் ஓரத்தில் அவருடையதைப் போலவே ஒரு கார் நின்றது. நிறம் மட்டும் சாம்பல். புத்தூர்க்காரர் ஒருவர், அப்பாவு என்று பெயர், குடும்பத்தோடு நின்று கையை ஆட்டினார். துலுக்காணம் தன் ஆட்களிடம் கேட்டுக்கொண்டு இறங்கினார்.

"வெளக்கு எரியுதா? மிதிச்சா இழுக்கலியா?"

"ஆமாங்க. இன்ஜினே போச்சின்னு சொல்றாங்க. வித்துடலாம்னு கீறேன்."

துலுக்காணம் பானெட்டைத் தூக்கினார். ஓரமெல்லாம் சிவப்புக் கோடு. கை தேர்ந்த கோடு, பழனியின் கை.

"பங்காருபாளையத்துல கசிவு பாத்தீங்களா? கோடு தெரியணும்னு சொன்னீங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

துலுக்காணம் சிரித்துவிட்டார். எவ்வளவோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. "வித்துடாதீங்க. சாவிய அணைச்சித் திரும்பப் போடுங்க. ரொம்ப மிதிக்காம மெதுவா என் பின்னாலயே வாங்க. எறங்கினதும் ரேணிகுண்டாவுக்கு நானே கூட்டிக்கினு போறேன்."

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. ஏஜெண்ட்.

"துலுக்காணம், எங்க இருக்க? இன்னைக்கி கடைசி நாளு."

"மலைமேல கீறேன். ஒரு வண்டி நின்னுடுச்சி. எறங்கி வர நேரமாவும்."

"நேரமாவும்னா? வேற ஆளு ரெடியா ஒக்காந்திருக்கான். போட்டுடவா?"

துலுக்காணம் அப்பாவுவின் காரைப் பார்த்தார். இன்ஜின் கிளம்பியிருந்தது. விளக்கு அணைந்துவிட்டதாக அப்பாவு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"போட்டுக்க" என்றார்.

மறுநாள் பாஸ்போர்ட்டை வாங்கிவரச் செல்விதான் போனாள். அவரை அனுப்பினால் மனசு மாறிவிடும் என்று பயம். துலுக்காணம் பங்காருபாளையத்துக்குப் போய்ப் பழனியிடம் சண்டை போட்டார். பழனி விடவில்லை. "கோடு வேணும்னு கேட்டது நீ. மாங்கா சீசன் முழுக்க அப்படித்தான் கேட்டாங்க. எத்தினி வண்டின்னு எனக்கு இன்னா ஞாபகம்?" என்றான். கடைசியில் இருவரும் டீ குடித்தார்கள்.

துலுக்காணத்தின் கால் இன்னும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலிபிரியில் வண்டிகள் வரிசையில் காத்திருக்கும்போது இறங்கி, அந்த மாதிரிக் கார் ஒவ்வொன்றிடமும் போய்ப் பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். சிலர் திறக்கிறார்கள். சிலர் ஏதோ விற்க வந்த ஆள் என்று கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள்.

அவர் ஒருவர் எத்தனை வண்டியைப் பார்க்க முடியும்? அதனால்தான் இதை எழுதினேன். கார் வைத்திருக்கும் ஒருவர், தரையில் நன்றாக ஓடுகிறது, ஏற்றத்தில்தான் இழுக்கவில்லை என்று உங்களிடம் சொன்னால், இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். வண்டியை விற்பதற்கு முன்னால் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்த டிரைவர்களிடமும் சொல்லச் சொல்லுங்கள்.