குறியீடு இல்லாத நாலு வரி

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதத்தில் நடந்தது இது. கோவை பீளமேட்டில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் அப்போது எனக்குப் பதினோராவது வருடம். என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், ஆஸ்பத்திரி சம்பந்தமான வேலை என்று சொல்லி முடித்துவிடுவேன். உண்மையில் ஒரு நோயாளியைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்தால், டாக்டர் எழுதிய குறிப்பு எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். அதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போட்டு அனுப்ப வேண்டும். அங்கே இன்ஷூரன்ஸ் வேலையெல்லாம் அந்தக் குறியீட்டை வைத்துத்தான் நடக்கும்.

வேகத்தில் நான் கெட்டிக்காரி. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ரகசியம் ஒன்றும் பெரிதில்லை, குறிப்பில் எதைப் படிக்க வேண்டாம் என்று தெரிந்தால் போதும். டாக்டர் என்ன முடிவு சொன்னார் என்பதுதான் முக்கியம். மனைவி என்ன சொன்னார், பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பதற்கெல்லாம் குறியீடு கிடையாது. அந்தப் பத்தி வந்தாலே என் கண் தானாகத் தாண்டிப் போய்விடும்.

அந்தச் சமயம் வீட்டில் நிலைமை சரியில்லை. நாங்கள் இருப்பது சூலூரில். என் கணவர் ஒரு காலத்தில் நல்ல கபடி ஆட்டக்காரர். எதிர் அணிக்குள் தனியாகப் பாடிப் போகிற ஆள். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஒரு பம்புசெட் கம்பெனியில் அவருக்கு லேத் வேலை கொடுத்தார்கள். முப்பத்தைந்து வயது வரை அந்தக் கம்பெனி டீமுக்கு ஆடினார். அதிர்ந்து பேசாத மனிதர். அப்படிப்பட்டவர் இரண்டு வருடமாக ஆளே மாறிப்போயிருந்தார். சின்ன விஷயத்துக்கெல்லாம் வள்ளென்று விழுவார். ஒரு சனிக்கிழமை, மகளை டியூஷனிலிருந்து கூட்டி வரச் சொல்லியிருந்தேன். பிள்ளை ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் நின்றிருக்கிறாள். ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, நான் அவரிடம் சொல்லவே இல்லை என்று சாதித்தார். நான் விடவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து போனார்.

குடிக்கிறாரோ என்று சட்டையை மோந்து பார்த்தேன். இல்லை. அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். கேவலம்தான், ஆனாலும் பார்த்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. அப்படியானால் திமிர்தான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். மகளின் பரீட்சை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு மதுக்கரையில் அம்மா வீட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்தேன். மாடி அறையை ஒழித்து வைக்கும்படி அம்மாவிடம் சொல்லியும் ஆயிற்று. அவருக்கு மட்டும் எதுவும் தெரியாது.

அந்த வாரம்தான், நான் முடித்த ஒரு நோயாளியின் சார்ட் தப்பு என்று தணிக்கையில் திரும்பி வந்தது. மறதி நோய்க்கு நான் குறியீடு போட்டிருந்தேன். ஆனால் மறதியோடு கோபமும் கொந்தளிப்பும் சேர்ந்திருப்பதாக டாக்டர் உள்ளே எழுதியிருந்தாராம், அதை விட்டுவிட்டேன். இரண்டுக்கும் வேறு வேறு குறியீடு. முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துத் திருத்தச் சொன்னார் டீம் லீடர். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திறந்தேன்.

நோயாளிக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அமெரிக்கக் கால்பந்தில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவர். 'ரன்னிங் பேக்' என்று எழுதியிருந்தது. பள்ளியில் ஆடத் தொடங்கி, கல்லூரியில் பெயர் வாங்கி, பிறகு ஏழு சீசன் பெரிய அணிகளில் ஆடியிருக்கிறார். இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். தோள்பட்டை மூன்று முறை இறங்கியிருக்கிறது. எட்டாவது சீசனுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. தலையில் எத்தனை முறை அடிபட்டது என்ற கேள்விக்கு, 'எண்ணியதில்லை' என்று பதில் சொல்லியிருந்தார்.

கால்பந்து என்றால் காலால் உதைப்பது, அதில் தலையில் எப்படி இத்தனை அடிபடும் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஆபீசில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து, ரன்னிங் பேக் என்றால் என்ன என்று மட்டும் தேடினேன். அவர் பெயரைத் தேடவில்லை. அது வேலைக்கும் ஆபத்து, மரியாதையும் இல்லை.

யாரோ ஒருவர் ஆடுகிற வீடியோ வந்தது. பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சுவர் மாதிரி நிற்கும் ஆட்களுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு பாய்கிறார். நாலைந்து பேர் அவர் மேல் விழுகிறார்கள். எழுந்திருக்கிறார். திரும்பவும் அதே பாய்ச்சல், அதே அடி. டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். ஹெல்மெட்டும் பச்சைப் புல்லும் இல்லை என்றால், அது என் வீட்டுக்காரர்தான். ஏழு பேர் மேலே விழ, மண்ணில் முகம் தேய, கோட்டைத் தொடக் கையை நீட்டிக்கொண்டு கிடந்தவரை நிச்சயத்துக்குப் பிறகு ஒரு மேட்சில் நானே நேரில் பார்த்து, எழுந்து நின்று கை தட்டியிருக்கிறேன்.

திரும்பி வந்து, நான் தாண்டிப் போன பத்தியைப் படித்தேன். அந்த ஆட்டக்காரரின் மனைவி சொன்னதை டாக்டர் நாலு வரியில் எழுதியிருந்தார். கார் சாவியை ஃப்ரிட்ஜில் வைக்கிறார். பேரனை அழைத்து வரப் போனவர் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால் கத்துகிறார். நாலாவது வரியில் அந்த அம்மா சொல்லியிருந்தது இதுதான்: மறந்ததை நாங்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றுதான் அவர் கத்துகிறார், இது புரிய எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றைக்கு டார்கெட்டை முடிக்கவில்லை.

டாக்டரிடம் வாருங்கள் என்றால் வரமாட்டார் என்று தெரியும். அதனால் ஒரு பொய் சொன்னேன்.

"ஏனுங்க, எனக்கு ஒரு மாசமாத் தலைவலி. நரம்பு டாக்டர்கிட்டப் போகோணும். கூட வாரீங்களா?"

பதறிப்போனார். இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். மறுநாளே லீவு போட்டு, தண்ணீர் பாட்டிலோடு கிளம்பி வந்தார்.

டாக்டர் என் வயதுள்ள ஒரு பெண். உள்ளே போனதும், தலைவலி எனக்கில்லை, காட்ட வந்தது இவருக்குத்தான் என்று சொல்லிவிட்டு, நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். தலையில் அடிபட்டதுண்டா என்று டாக்டர் கேட்டதற்கு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார். கீழே விழுந்து எழுந்ததும் தடுமாறியதுண்டா என்று டாக்டர் கேள்வியை மாற்றிப் போட்டார். உடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மேட்சில் தூக்கிப் போட்ட வேகத்தில் எழுந்து, எதிர் அணியோடு போய் வரிசையில் நின்றுகொண்ட கதையைச் சொன்னார். எங்கள் சொந்தத்தில் அது பேர்போன கதை. கல்யாண வீடுகளில் நானே எத்தனையோ முறை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். டாக்டர் சிரிக்கவில்லை. அப்புறமும் ஆடினீர்களா என்று மட்டும் கேட்டார்.

"பின்னே? அதுக்கப்புறம் ரெண்டு பாய்ண்ட் எடுத்தேனுங்களே."

பெருமையாகத்தான் சொன்னார். டாக்டர் அதை எழுதிக்கொண்டு, இப்போது வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். இவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"லேத்துல நிக்கப் பயமாயிருச்சுங்க. எதைத் தொடோணும்னு திடீர்னு தெரியாமப் போயிருது. மெஷினுக்குள்ள கைய உட்டுப்போடுவேனோன்னு, நானே கேட்டு பேக்கிங்குக்கு மாறிட்டேனுங்க. வருசம் ஒண்ணாச்சு. ஊட்டுல சொல்லலீங்க."

அந்த ஒரு வருடமும் தினம் காலையில் டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பியவள் நான். யூனிபாரத்தில் எண்ணெய்க்கறை இல்லாமல் போனதைக்கூடக் கவனித்தேன். துவைக்கச் சுலபமாக இருக்கிறது என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

வெளியே வந்து, ஸ்கேன் எடுக்க வரிசையில் உட்கார்ந்தோம். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்.

"அப்ப உனக்குத் தலைவலி இல்லையா அம்மிணி?"

இல்லீங்க என்றேன்.

"நல்லதாப் போச்சு," என்றார்.

அன்று மாலையே அம்மாவுக்குப் போன் போட்டு, மாடி அறையில் பழையபடி சாமானைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

பழைய அடிகள் காரணமாக இருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றும் சொன்னார். தூக்கத்துக்கும் கோபத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கோபம் நன்றாகக் குறைந்திருக்கிறது, மறதி குறையவில்லை. மகளைக் கூட்டி வரும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அந்த அமெரிக்க ஆட்டக்காரர் இப்போது எப்படி இருக்கிறாரோ தெரியாது. அவர் மனைவிக்கு, சூலூரில் ஒரு குடும்பம் தான் சொன்ன நாலு வரியால் பிரியாமல் இருக்கிறது என்பது ஒருநாளும் தெரியப்போவதில்லை. சாமி கும்பிடும்போது அந்த அம்மாவையும் சேர்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் இவர் சமையலறைக்கு வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் இறுகத் தொடங்கியது. தண்ணிதானுங்க கேட்டீங்க என்று சொல்லி டம்ளரை நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டு நிம்மதியாகப் போனார். எதற்கு வந்தார் என்று எனக்கும் தெரியாது. பயந்துபோய் இருந்த மனிதரைத் திமிர் பிடித்தவர் என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறேனே, அந்த நினைப்பு மட்டும் இன்னும் என்னைச் சுட்டுக்கொண்டே இருக்கிறது.