சித்தப்பா கரை ஒதுங்கிய நாள்

1944 நவம்பர் 16, வியாழக்கிழமை, காலை ஆறேகால் மணி. நான்கு நாள் கொட்டிய மழை விட்டு, வாடைக்காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. தேதியில் எனக்குக் குழப்பம் என்று வீட்டில் சொல்வார்கள். குழப்பம் ஒன்றுமில்லை. அன்றுதான் காசிமேட்டுக் கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. எனக்கு ஏழு வயது.

எங்கள் குப்பத்திலேயே காலேஜ் வரை போனவர் என் சித்தப்பா ஒருவர்தான். கடைசிப் பிள்ளையாவது கடலில் இறங்க வேண்டாம் என்று தாத்தா படகை விற்றுப் படிக்கவைத்தார். பிள்ளை வானத்தில் ஏறிவிட்டார். சண்டை விமானம் ஓட்ட பர்மாவுக்கு அனுப்பினார்கள். இருபத்து மூன்று வயதில், கல்யாணமான எட்டாம் மாதம், கடலுக்கு மேல் பறந்தவரைக் காணவில்லை என்று தந்தி வந்தது.

உடல் கிடைக்காதவனுக்கு எங்கள் வீட்டில் காரியம் செய்வதில்லை. காரியம் ஆகாமல் தாலி இறங்காது. சித்தி கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "காணோம்னுதானே போட்டுக்கீறான்? செத்துட்டாருன்னா போட்டான்?" என்று எல்லோரிடமும் சண்டைக்குப் போனாள். சோறு இறங்கவில்லை. எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தாள்.

அன்று ஒதுங்கிய உடலின், மீன்கள் தின்றுபோன முகத்தைத் தாத்தா ஒரு கணம்தான் பார்த்தார். "நம்ம புள்ளதான். இன்னா பார்த்துகினு நிக்கிறீங்க? தூக்குங்கடா."

பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து உள்ளங்கையைத் திருப்பினார். "இன்னா நைனா, வலை இழுத்துக் காய்ச்சுப்போன கையா கீது? ஏரோப்ளேன்ல வலையா இழுப்பாங்க?"

"அதுல இன்னா இழுப்பாங்கன்னு உனுக்குத் தெரியுமா? நீ ஓட்டிக்கீறியா?"

பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். மூலக்கொத்தளத்தில் புதைத்தோம். காரியம் நடந்தது, தாலியும் இறங்கியது. அழுது ஓய்ந்த சித்தி அன்று சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஒரு வாரம் போயிருக்கும். எண்ணூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"மழையில கடலுக்குப் போன எங்க வூட்டுக்காரரு திரும்பல நைனா. இந்தப் பக்கம் ஏதாச்சும் ஒதுங்கிச்சா?"

தாத்தா தலை நிமிரவில்லை. "ஒண்ணும் ஒதுங்கலம்மா. அடுத்த குப்பத்துல கேட்டுப் பாரு."

சாப்பிடச் சொன்னோம். அவர் வரட்டும் என்று சொல்லிவிட்டுத் தெற்கே நடந்தாள்.

சித்தப்பா ஒதுங்கினாரே, அதைத் தாத்தா மறந்துவிட்டார் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். ஓடிப்போய் அவளிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று எழுந்தேன். முடியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற சித்தி என் கையை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தாள்.