திறக்காத டிஸ்க்கில் அவர் குரல்

தொண்டை அறுவை சிகிச்சைக்கு முன் என் கணவர் பேசியதையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பதிவு செய்து வைத்திருந்தோம். அதன் பிறகு அவருக்குக் குரல் இல்லை. போன மழைக்காலத்தில் அதைச் செருகியபோது, ஃபார்மட் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்தில் மாரெட்பள்ளியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தமிழ்க்காரர் கடைக்கு ஓடினேன்.

“ஃபார்மட் பண்ணிட்டீங்களா?” என்று அவர் கேட்டார்.

“இல்ல.”

“நல்லவேளை, பண்ணியிருந்தா மீட்கறது கஷ்டம். நக்கோம்மா, வேண்டாம், இனி தொடவே தொடாதீங்க. முதல்ல முழுசா ஒரு காப்பி எடுக்கறேன். ஆனா எல்லாம் வரும்னு சொல்ல முடியாது.”

மூன்று நாள் வீட்டில் இதை மறைத்தேன். கணவர் ஏதாவது எழுதிக் காட்டினாலே, டிஸ்க்கைப் பற்றிக் கேட்கிறாரோ என்று சமையலறைக்குள் போய்விடுவேன்.

நான்காம் நாள் கடைக்காரர் ஹெட்போனை நீட்டினார். முதல் இரண்டு பதிவுகளிலும் வெறும் இரைச்சல். மூன்றாவதில், “ரெக்கார்ட் ஆகுதா பாரு” என்றார் என் கணவர். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.