வடாலாவுக்குச் சைக்கிளில் போன பூமாரி

பம்பாயின் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பூமாரியைத் தெரியாதவர்கள் சிலர் இருந்திருக்கலாம். அவள் வைக்கும் புளிக்குழம்பைத் தெரியாதவர்கள் குறைவு. வடாலாவின் இரும்புப் பட்டறைகளில் வேலை பார்த்த திருநெல்வேலிச் சீமை ஆட்கள் பதினெட்டுப் பேருக்கு மத்தியானச் சோறு அவள் கையால்தான். எல்லாரும் பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் பத்தரைக்குள் பதினெட்டு டப்பாவும் நிரம்பிவிடும். மூங்கில் கூடையில் அடுக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்புவாள். ரயில் பாதையைத் தாண்டி, கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி, வடாலா போய்ச் சேரப் பன்னிரண்டேகால் ஆகிவிடும். சோறு ஆறிப்போயிருக்கும். யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் அவர்கள் ஆறின சோற்றைப் பிசைவதைப் பார்க்கும்போது அவளுக்குத்தான் என்னவோ போல் இருக்கும்.

ஆறு வருஷம் இப்படி நடந்தாள். இளையவன் வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதம் வரைக்கும் நடந்தாள். அறுபத்து மூன்றாம் வருஷம் மழைக்காலம் முடியும்போது அவள் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்தது. யாராவது இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் உடம்பையே திருப்பிப் பார்ப்பாள். பட்டாளத்துக்காரன் மாதிரி திரும்புகிறாள் என்று புருஷன் வானமாமலை கேலி செய்வான்; ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவனே வேப்பெண்ணெய் தேய்த்தும் விடுவான்.

அந்த நாட்களில் ஒருநாள், ஃபைவ் கார்டன்ஸ் பூங்காப் பக்கம் ஒரு கைப்பிடிச் சுவரின் மேல் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு பார்சி அம்மாள் சைக்கிளில் வந்தாள். அறுபது வயதுக்குக் குறையாது. முழங்காலுக்குக் கீழே கவுன், நரைத்த தலை, முன்னால் மாட்டிய கூடையில் ரொட்டி. ரொட்டிக்கடைக்காரன் அவளுக்குக் கையைத் தூக்கி வணக்கம் வைத்தான். போலீஸ்காரன் வழி விட்டான். தெருவில் ஒரு ஆள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பூமாரி மட்டும் உடம்பைத் திருப்பி, அந்தச் சைக்கிள் மூலை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலமே, தானும் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று சாயிராவிடம் சொன்னாள். சாயிரா மேலப்பாளையத்துக்காரி, கேம்ப் வாசலில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்த காசிமின் மனைவி. குழாயடியில் குடம் மாற்றிக் குடம் வைத்துப் பழகிய சிநேகிதம். கடையில் இருபது சைக்கிள் நின்றாலும் சாயிரா அதில் ஒன்றைக்கூடத் துடைத்ததைத் தவிரத் தொட்டதில்லை. பூமாரி சொன்னதைக் கேட்டதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். புருஷனிடம் அவள்தான் பேசினாள். தாதரில் ஒரு பார்சி வீட்டில் சும்மா கிடந்த லேடீஸ் சைக்கிள் ஒன்றை, நடுவில் குறுக்குக் கம்பி இல்லாதது, காசிம் வாங்கி வந்து செயினுக்கு மூடி போட்டுக் கொடுத்தான். தையல் மிஷினுக்கென்று பூமாரி சேர்த்து வைத்திருந்தது அதற்குப் போயிற்று.

கேம்ப்புக்குப் பின்னால் கழிமுகத்தை ஒட்டி உப்புப் பூத்த பொட்டல் ஒன்று கிடந்தது. ஆண்கள் வேலையிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் இருக்கும் மூன்று மணி வெயிலில் இரண்டு பேரும் அங்கே போனார்கள். சாயிரா பர்தாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் கேரியரைப் பிடித்தாள்.

“ஏளா, விழுந்தா யாரு பாக்கப்போறா? ஒரு பயலும் இல்ல. ஏறு,” என்றாள்.

பூமாரி விழுந்தாள். முதல் வாரம் பூராவும் விழுவதே வேலையாக இருந்தது. முழங்கை சிராய்த்தது, ஒரு வளையல் உடைந்தது, சேலை ஓரம் சக்கரத்தில் சிக்கிக் கிழிந்தது. கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் எப்படிச் செருகினால் பெடலில் மாட்டாது என்று இருவருமாக யோசித்துக் கண்டுபிடித்தார்கள். இருபத்திரண்டாம் நாள், “பிடிச்சிருக்கியா, பிடிச்சிருக்கியா” என்று கேட்டுக்கொண்டே போனவளுக்குப் பதில் தூரத்திலிருந்து வந்தது. சாயிரா எப்போதோ கையை விட்டுவிட்டு, பொட்டலின் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

வானமாமலைக்கு இது தெரியும். முழங்கைச் சிராய்ப்புக்கு மஞ்சள் பற்றுப் போட்டவனே அவன்தான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பொட்டலோடு போய்விடும் என்று நினைத்திருக்க வேண்டும்.

கார்த்திகை பிறந்ததும் ஒரு திங்கட்கிழமை, கூடையைக் கேரியரில் வைத்துப் பழைய டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பூமாரி ரோட்டில் இறங்கினாள். கிங்ஸ் சர்க்கிளில் நாலு பக்கமும் வண்டி வந்துகொண்டிருந்தது. அங்கே இறங்கி, தள்ளிக்கொண்டு சுற்றி, மறுபக்கம் ஏறிக்கொண்டாள். பட்டறை வாசலில் மணி அடித்தபோது பதினொன்றரைகூட ஆகவில்லை. மூத்தவரான வெயிலுமுத்து அண்ணாச்சி டப்பாவைத் திறந்து பார்த்தார்.

“சோத்துல ஆவி பறக்குது தாயி,” என்றார்.

கேம்ப்பில் மட்டும் விஷயம் வேறு விதமாகப் பறந்தது. குழாயடியில் மீனாட்சியம்மாள், சைக்கிள் மிதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். எட்டு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு தலையில் கூடையோடு நடந்தபோது அந்தக் கர்ப்பப்பையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லையே என்று பூமாரி கேட்டாள். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. கெண்டைக்கால் தெரிகிறது என்றார்கள். அதே குழாயடியில் அத்தனை பெண்களும் சேலையை முழங்கால்வரை வழித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

எல்லாரையும்விட அதிகம் கொதித்தவர் பூலோகம். கேம்ப்பில் ஊர்க்காரர்கள் நடத்திய சங்கத்துக்கு அவர் செயலாளர். அவருடைய பதினாலு வயதுப் பையன் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கேம்ப் சந்துக்குள் சைக்கிளில் பறப்பான். கோழி சாகும், கிழவிகள் சுவரோடு ஒட்டுவார்கள். பூலோகம் அதைப் பார்த்து மீசைக்குள் சிரிப்பார். பூமாரி மணி அடித்து ஓரமாகப் போனால் கேம்ப் பெயர் கெட்டது என்பார். பார்சிக்காரி ஓட்டுகிறாளே என்று யாரோ கேட்டதற்கு, அவர்கள் ஜாதி வேறு, நம் ஜாதி வேறு என்று முடித்துவிட்டார். அவர் பேச்சைக் கேட்டுப் பட்டறையில் மூன்று பேர் பூமாரியிடம் சாப்பாட்டை நிறுத்தினார்கள்.

வானமாமலை தாராவியில் தோல் கிடங்கில் வேலை பார்த்தான். அங்கே அவன் நுழையும்போது யாராவது ஒருவன் வாயாலேயே ‘ட்ரிங் ட்ரிங்’ என்று மணி அடிப்பான். பெண்டாட்டி சக்கரத்தில் போகிறாள், புருஷன் நடந்து வருகிறான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். பத்து நாள் பொறுத்தான். பதினோராம் நாள் சாப்பிட உட்காராமலே சொன்னான்.

“நாளையிலேருந்து நடந்து போ.”

பூமாரி சைக்கிளைச் சுவரோரம் சாத்தி, கூடையை மறுபடி தலையில் ஏற்றினாள். நான்கு நாள் நடந்தாள். ஐந்தாம் நாள் அவன் வேலை முடிந்து வந்தபோது அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, வெந்நீரில் நனைத்த துணியைக் கழுத்தில் ஒற்றிக்கொண்டிருந்தாள். அவன் துணியை வாங்கி ஒற்றிவிட்டான். அதை மறுபடி வெந்நீரில் முக்கிப் பிழிந்துகொண்டே சொன்னான்.

“எனக்கு ஓட்டத் தெரியாது, பூமாரி.”

அவளுக்கு முதலில் புரியவில்லை.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பதினைந்து வயதில் பம்பாய்க்கு வந்தவன் அவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகள் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு மாஹிம் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் தலைவலி என்று படுத்துக்கொள்வானாம். ஒருமுறை வயிற்றுவலி. இருபது வருஷம் இப்படியே ஓட்டிவிட்டான். இப்போது கிடங்கில், நீ ஓட்டாமல் அவளை ஏன் ஓட்ட விடுகிறாய் என்று கேட்கும்போது குனிந்து தோலை எண்ண ஆரம்பித்துவிடுவானாம். கோபம் அவள்மேல் இல்லை என்றான். யார்மேல் என்றும் தெரியவில்லை என்றான்.

பூமாரி சிரிக்கவில்லை. அவன் தூங்கிய பிறகு தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வந்த அத்தனை தலைவலிகளுக்கும் அவள் கஷாயம் வைத்துக் கொடுத்திருந்தாள்.

மறுநாளே கூடை மறுபடி கேரியரில் ஏறியது; அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். தகரக் கொட்டகையில் முப்பது ஆண்கள் பாய்விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் உள்ளே வரும் வழக்கம் இல்லை. பூமாரி வாசல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயிரா கொஞ்சம் தள்ளி, கேட்கும் தூரத்தில் நின்றாள். பூலோகம் நிதானமாகத்தான் பேசினார். பிழைப்பைக் கெடுக்க யாருக்கும் எண்ணம் இல்லை, சோறு சூடாகப் போக வேண்டும் என்றால் புருஷன் ஓட்டிக்கொண்டு போகட்டும், அவள் அடுப்போடு நிற்கட்டும் என்று ஒரு வழியும் சொன்னார். பல தலைகள் ஆடின.

வானமாமலை எழுந்து நின்றான். வேட்டியை ஒருமுறை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

“அண்ணாச்சி, எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிஞ்சவ ஓட்டுதா. இதுல நான் சொல்லுததுக்கு என்ன இருக்கு?”

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். வானமாமலையின் காது சிவந்தது. ஆனால் அவன் உட்காரவில்லை. அதைப் பார்த்ததும் பூமாரி வாசல்காலிலிருந்து கையை எடுத்தாள். இதுவரை அந்தக் கொட்டகையில் ஒரு பெண்ணும் பேசியதில்லை என்பது அவள் நினைவுக்கு வந்தது. பேசி முடித்த பிறகுதான் வந்தது.

“அண்ணாச்சி, ஆறு வருசமா இதே சோத்தைத் தலையில சொமந்தேன். அன்னைக்கு நான் பொம்பளையாத்தான் இருந்தேன். அதையே சக்கரத்துல வச்சா மட்டும் எப்படி மாறிப்போனேன்?”

பூலோகம் சங்க நோட்டைப் புரட்டினார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கடைசியில் ஒன்றும் தீர்மானிக்காமலே கூட்டம் கலைந்தது. கலைந்து போகும்போது வெயிலுமுத்து அண்ணாச்சி மட்டும், நாளைக்குக் குழம்பில் உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கேம்ப் சிரித்து ஓய்ந்தது. வானமாமலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், சைக்கிள் கேரியரில் ஒருபக்கமாகக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தான். பூமாரி ஓட்டினாள். சந்து நீளம் முழுக்க வாசல்களில் ஆட்கள். அவன் யாரையும் பார்க்காமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். கேம்ப்பைத் தாண்டியதும் பிடி தளர்ந்தது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வந்ததும் மாரியம்மன் பாட்டு ஒன்றை முணுமுணுக்கக்கூட ஆரம்பித்துவிட்டான்.

சர்க்கிளில் மராத்தி போலீஸ்காரன் ஒருவன் கையைக் காட்டி நிறுத்தினான். ஒரு சைக்கிளில் இரண்டு பேர் போகக் கூடாது என்றான். பிறகு இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெட்கமாக இல்லையா, பெண்ணை மிதிக்க வைத்துவிட்டு நீ பின்னால் உட்கார்ந்து வருகிறாயே என்று வானமாமலையைக் கேட்டான்.

“ஹம்கோ நஹி ஆதா, சாப். இஸ்கோ ஆதா,” என்றான் வானமாமலை. எனக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும் என்பதை இரண்டாவது முறையாக ஊரறியச் சொன்னபோது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போலீஸ்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சிரித்துவிட்டு, இறங்கி நடங்கள் என்று அனுப்பினான். நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பக்கத்துக்கு ஒருவராக, ஃபைவ் கார்டன்ஸ் வரைக்கும் நடந்து போய் வேர்க்கடலை தின்றுவிட்டு வந்தார்கள்.

சாப்பாட்டை நிறுத்தியிருந்த மூன்று பேரில் இரண்டு பேர் தை மாதத்துக்குள் திரும்பி வந்தார்கள். மூன்றாமவன் கடைசிவரை வரவில்லை. பூலோகமும் மனம் மாறவில்லை. அவள் சைக்கிளில் எதிரே வந்தால் கடைப் பலகையை ஊன்றிப் படிப்பார். அவருக்குத் தமிழ் படிக்கவே தட்டுத்தடுமாறித்தான் வரும், பலகையோ குஜராத்தியில் இருக்கும்.

பூமாரிக்குத் தீராத வருத்தம் ஒன்று இருந்தது என்றால் அது சாயிரா. சைக்கிள் வாங்கித் தந்த காசிம், ஊரெல்லாம் பூமாரிக்காகப் பரிந்து பேசிய காசிம், தன் வீட்டுக்காரி ஏறுவதை மட்டும் ஒப்பவில்லை. பூமாரி நேரடியாகவே கேட்டாள். அவன் பங்க்சர் ஒட்டிக்கொண்டே, அது வேற தங்கச்சி, என்றான். என்ன வேற என்று அவள் கேட்டதற்கு டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். அவனோடு அவள் ஒரு மாதம் பேசவில்லை. சாயிராதான் சமாதானம் செய்து வைத்தாள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஆண்கள் போயிருக்கும் நேரத்தில், எப்போதாவது, அதே பொட்டலில் சாயிரா, பூமாரியிடம் பழகிக்கொண்டு, அவள் சைக்கிளிலேயே நாலு சுற்றுச் சுற்றுவாள். ரோட்டுக்கு வந்ததில்லை. காசிமுக்குத் தெரியுமோ தெரியாதோ. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்த லேடீஸ் சைக்கிளின் டயரில் காற்றுக் குறைந்ததே இல்லை என்பதைப் பூமாரி கவனித்திருந்தாள்.

பட்டறைகள் பெருகின. பதினெட்டு டப்பா இருபத்தெட்டாயிற்று. கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கமும் திரும்பியது. கேம்ப்புக்கும் அவள் சைக்கிள் பழகிப்போயிற்று. அறுபத்தெட்டாம் வருஷம் மழையில் குழாயடிக்குப் புதுப் பேச்சு வந்தது: நான்காம் சந்தின் சொர்ணம்மாள் மகள் தாதரில் டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போகிறாள், சாயங்காலம் ஏழு மணிக்குத் தன்னந்தனியாகத் திரும்பி வருகிறாள். கெட்டுப்போவதற்கு இதைவிட வேறு வழி வேண்டுமா என்று மீனாட்சியம்மாள் கேட்டாள்.

பூமாரி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“தாதர் வரைக்குமா? இந்த மழையில நடந்தா போகுதா அந்தப் பிள்ள?” என்று மட்டும் கேட்டாள்.