அக்கா ஆசைப்பட்டதாகச் சொன்ன சமையலறை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் குலாயில் அக்கா வீட்டில் சாப்பிட்டிருப்பீர்கள். அக்கா போய் ஓராண்டு ஆகிறது. தம்பி என்ற முறையில் எழுத உட்கார்ந்தேன். புகழ்ந்து மட்டும் எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை.

அக்கா ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பா தவறியபோது மூன்றாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை விட்டு, எல்லை தாண்டிப் போகும் சிங்கப்பூர் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார். அந்த ஓட்டத்துக்கு நடுவே என்னைப் படிக்க வைத்தார், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார், குலாயில் ஒரு தரைவீடும் வாங்கினார். கல்யாணப் பேச்சு வந்தால் சிரித்தே மழுப்பிவிடுவார். கடைசித் தவணையைக் கட்டி வீட்டுப் பத்திரமான கிராண்ட்டை வாங்கிவந்த அன்று எங்களுக்கெல்லாம் பிரியாணி போட்டார். "இனிமே யாரும் என்னை வெளிய போன்னு சொல்ல முடியாதுலா," என்றார்.

அடுத்த சில ஆண்டுகளில் நான் உணவுக்கடை வைத்து நொடித்துப்போனேன். கடன் அட்டை, தனிநபர் கடன் என்று ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கி, கடைசியில் வட்டிக்காரர்கள் அக்காவுக்கே போன் செய்யும் நிலை வந்தது. அக்கா எல்லாக் கடிதங்களையும் கொண்டுவரச் சொல்லி, சமையலறைத் தரையில் மழை ஒழுகாத பக்கமாகப் பரப்பினார். கூரைச் சட்டங்களைக் கரையான் தின்று, அங்கே வாளி வைத்திருந்த காலம் அது.

"கிராண்ட்ட மறுபடி பேங்க்ல வச்சிடுறேன். எல்லாத்தையும் ஒரே கடனாக்கிடலாம். மிச்சத்துல இந்தக் கூரையச் செஞ்சுக்குறேன். நீ மாசாமாசம் எங்கிட்ட கட்டு."

"சொந்தக்காரங்க கேட்டா என்னக்கா சொல்றது?"

"கிச்சனுக்குன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. உன் பிள்ளைங்க இவங்க மத்தியிலதான் வளரணும்."

கூரை மாற்றி, சமையலறைக்கு டைல்ஸ் போட்டு, பால் காய்ச்சியபோது நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். "ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கிச்சன்? கடன் கட்டி முடிச்ச வீட்ட யாராச்சும் திரும்ப அடகு வைப்பாங்களா?" என்று பெரியப்பா எல்லார் முன்னிலையிலும் கேட்டார்.

"ஆசையா இருந்துச்சு பெரியப்பா," என்று சொல்லி அக்கா அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.

சிங்கப்பூர் காசு, அதான் திமிர் என்று சிலர் பேசியதும் என் காதில் விழுந்தது. நான் தலையைக் குனிந்து சாப்பிட்டு முடித்தேன். அதுபோல் வெட்கப்பட்ட நாள் எனக்கு வேறில்லை.

மாதம் தவறாமல் கட்டிவந்தேன். பாதிகூட முடியாத நிலையில் அக்காவுக்குப் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையிலும், "இந்த மாசம் கட்டிட்டியா?" என்றுதான் கேட்டார். எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். கூடாது என்று தலையசைத்தார். அவர் போன பிறகு வங்கியிலிருந்து கடிதம் வந்தது. கடனோடு அக்கா பெயரில் எடுத்திருந்த காப்புறுதிப் பணம் மீதியை அடைத்துவிட்டதாம். அக்காவின் உயிர் போய் என் கடன் அடைந்தது. அதைப் படித்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

முறைபோட்டு உடனிருந்த அக்காவின் தொழிற்சாலைத் தோழிகளுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் அம்மாவுக்கும், இறுதிக் காரியங்களை முன்னின்று நடத்திய பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

பெரியப்பா, அந்த வீடு அடகுக்குப் போனது என்னால். என் பிள்ளைகளும் இதை உங்களோடு சேர்ந்து இன்றுதான் படிக்கிறார்கள்.