மச்சாள் அள்ளாத தண்ணீர்

என் புருஷனின் தமக்கையைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். மச்சாள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் இன்னும் ஆத்திரம். கெடுதல் செய்தவளோடு சண்டை பிடிக்கலாம். சிரித்த முகத்தோடு தேத்தண்ணி நீட்டுகிறவளோடு என்னத்தைப் பிடிக்கிறது?

எங்கள் ஆட்களின் வழக்கப்படி வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனம். கொடிகாமத்துக்கு அங்காலே இருந்த கல்வீடு, மாமரம், பனங்காணி, துலாக்கிணறு எல்லாம் மச்சாளோடு போயிற்று. இவருக்கு மிஞ்சியது கையும் காலும்தான். வன்னியில் குளத்துக்குக் கீழே காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இவர் மண்வெட்டியைத் தோளில் வைத்தார். நான் பின்னால் போனேன். வேறு எங்கே போவது?

ஓமந்தையில் பஸ்ஸால் இறங்கி, வண்டிப்பாதையில் காட்டுக்குள்ளே நடந்தால் எங்கள் குடியேற்றம். வந்த புதிதில் நான் அழாத நாள் இல்லை. யானைக்குப் பயம், பாம்புக்குப் பயம், காய்ச்சலுக்குப் பயம். மண்வீட்டின் கூரை வழியே ஓணான் எட்டிப் பார்த்தாலும் பயம். அடுத்த வளவில் இருந்தவர்களும் யாழ்ப்பாணத்து ஆட்கள்தான். அவர்களும் பயந்துகொண்டுதான் இருந்தார்கள், ஆனால் எனக்குத் தைரியம் சொல்ல வந்துவிடுவார்கள். தண்ணீருக்குக் குளத்துக்குத்தான் போகவேண்டும். கிணறு வெட்டத் தொடங்கினால் கல் வந்தது. இவர் விட்டாரா? மழைக்காலம் வருமட்டும் அந்தக் கல்லோடு மல்லுக்கட்டினார். தண்ணீர் ஊறிய அன்று மேலே ஏறாமல் கீழே நின்றே ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, இளநீர் மாதிரி இருக்கிறது, வாளியை இறக்கு என்று கத்தினார். நானும் குடித்தேன். உண்மையாகவே இளநீர்தான். ஊரில் நான் பிறந்த வீட்டுக் கிணற்றில் உப்புச் சுவை இருக்கும். அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக அந்த இடத்தை வீடு என்று சொன்னேன்.

அந்தக் கிணற்றை மச்சாள் வந்து பார்க்கவேண்டும் என்பது எனக்கு ஒரு பிடிவாதமாகவே வளர்ந்தது. அவர் வரவே இல்லை. ஒருமுறை மாடு கன்று போட இருக்கிறது என்றார். ஒருமுறை காய்ச்சல் காலம் என்றார். ஒருமுறை கந்தோரில் வேலை பார்க்கும் அவருடைய புருஷன், எங்கள் அத்தானுக்கு லீவு இல்லை. நாங்கள்தான் நெல்லும் தேனும் கட்டிக்கொண்டு போய் வந்தோம். போகும்போதெல்லாம் மச்சாள் அயலட்டைக்கு எங்களை அறிமுகம் செய்வார்: "தம்பியவை. காட்டிலை இருக்கினம்." ஏதோ நாங்கள் குரங்கோடு குரங்காய் மரத்தில் தொங்குகிற மாதிரி.

பிறகுதான் பெரிய அடி. எங்கள் மகள் படித்த குடியேற்றத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்புக்கு மேல் இல்லை. மச்சாளுக்குப் பிள்ளைகளும் இல்லை. "பிள்ளை இஞ்சை நிண்டு படிக்கட்டும் தம்பி. காட்டிலை கிடந்து என்னத்தைக் காணப்போறாள்?" என்றார். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதைதான் எனக்கு நினைவு வந்தது. ஆனால் பிள்ளை படிக்கவேண்டுமே. வாயை மூடிக்கொண்டு என் ஒரே மகளின் உடுப்புகளை நானே மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

அதிலிருந்து எங்கள் வாழ்க்கை அந்தப் பஸ் பாதையில்தான் கழிந்தது. விடுமுறைக்குக் கூட்டி வருவது, விடுமுறை முடியக் கொண்டுபோய் விடுவது. ஒரே பாதை, ஒரே பஸ். ஆனால் நாங்கள் மூன்று பேரும் மூன்று பயணம் போனோம். இவர் யன்னல் பக்கம் இருந்து குளத்தையும் வயலையும் பார்த்துக்கொண்டே வருவார். இந்தக் குளம் நிரம்பி வான் பாயும், அந்த வயலுக்குக் களை முற்றிவிட்டது என்று யாரும் கேட்காமலே சொல்வார். ஆனையிறவு தாண்டினால் ஆள் அடங்கிவிடுவார். தான் பிறந்த வீட்டிலேயே கதிரையின் விளிம்பில் இருப்பார், எப்போது திரும்பலாம் என்று என் முகத்தைப் பார்ப்பார். எனக்கோ பஸ் என்றால் தலைச்சுற்று. தேசிக்காயைக் கீறி மூக்கில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினால் ஓமந்தையில்தான் திறப்பேன். பாதையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வீடு வந்துவிட்டதா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

மகள் எங்கள் இருவருக்கும் நேர்மாறு. வன்னிக்கு வரும்போது கொடிகாமத்திலேயே நித்திரையாகிவிடுவாள். தோளில் தட்டித்தான் எழுப்பி இறக்கவேண்டும். திரும்பிப் போகும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். பரந்தன் தாண்டியதும் அவள் முகம் மாறத் தொடங்கும். ஆனையிறவில் உப்புக் காற்று அடித்தால் தலையை வெளியே நீட்டிவிடுவாள். அப்போது மட்டும் நான் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தேசிக்காய் மணக்காது. எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

வீட்டில் நின்ற நாட்களில் மட்டும் சும்மாவா இருப்பாள்? மாமி இப்படித்தான் பின்னுவா, மாமி கறிக்கு இவ்வளவு புளி விடமாட்டா, மாமி வீட்டில் விளக்கு இங்கே இல்லை அங்கே வைப்பினம். ஒருநாள் அகப்பையை ஓங்கிவிட்டேன். "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு எண்டு சும்மாவே சொன்னவை?" என்று இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு ஒரேயொரு நம்பிக்கை இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பெரியவளானால் தாய் தண்ணீர் வார்க்கக்கூடாது. தாய்மாமன் பெண்சாதியோ தகப்பனின் சகோதரியோ, மாமி முறையானவள்தான் முதல் தண்ணீர் வார்க்கவேண்டும். எனக்கு ஆண் சகோதரம் இல்லை, ஆகவே அந்த உரிமை மச்சாளுக்குத்தான். சரி, அதை யார் பறிக்கப் போகிறார்கள்? ஆனால் பிள்ளை எந்த வீட்டில் பெரியவளாகிறாளோ அந்த வீட்டில்தான் மூலையில் இருக்கவேண்டும், அந்த வீட்டுக் கிணற்றில்தான் வார்க்கவேண்டும். துடக்கு என்கிற தீட்டோடு தெருப் பயணம் கிடையாது. காட்டு வழி என்றால் பேச்சே இல்லை, பேய் பிசாசு பிடித்துவிடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியென்றால் மகள் என் வீட்டில் பெரியவளானால் மச்சாள் என்ன செய்யவேண்டும்? பஸ் ஏறவேண்டும். ஓமந்தையில் இறங்கிக் காட்டுக்குள்ளே நடக்கவேண்டும். என் மண்வீட்டில் என் பாயில் படுக்கவேண்டும். என் கிணற்றில் தன் கையால் அள்ளவேண்டும். அள்ளி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவேண்டும். இதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கும்.

பிள்ளைக்கு வயது வந்துகொண்டிருந்தது. அயலில் அவளுடைய வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக மூலையில் இருந்து எழும்பிவிட்டார்கள். விடுமுறை வரும்போதெல்லாம் நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். உழுந்தும் நல்லெண்ணெயும் முன்கூட்டியே வாங்கி வைத்தேன். பிள்ளையாரிடமும் சொல்லி வைத்தேன்: நடக்கிறது இங்கே நடக்கட்டும். இவர் கேட்டுவிட்டு, பிள்ளையாருக்கு வேறு வேலை இல்லையோ என்றார்.

அந்த மார்கழி விடுமுறையும் சும்மா முடிந்தது. வயலில் வேலை இருந்ததால் மகளைக் கொண்டுபோய் விட நானே புறப்பட்டேன். புறப்படுகிற அன்று அவள் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. பஸ்ஸிலும் பேசவில்லை. மாமியிடம் போகிற அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். தேசிக்காயை எடுத்து மூக்கில் வைத்தேன்.

முறிகண்டியில் நிற்காமல் எந்த வாகனமும் போகாது. பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் சாரதி திரும்ப ஏறுவார். எல்லாரும் இறங்கினார்கள். வழக்கத்தில் மகள்தான் முதல் ஆளாகக் கச்சான் கடலை விற்கிறவளிடம் ஓடுவாள். அன்று எழும்பவில்லை. தலை இடிக்கிறது என்றாள். நான் கும்பிட்டுவிட்டுத் திருநீறு கொண்டுவந்து நெற்றியில் பூசப் போனேன். முகத்தை வெடுக்கென்று திருப்பி யன்னலோடு ஒட்டிக்கொண்டாள். என் கை அப்படியே நின்றது. பின்னால் இருந்த ஒரு கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிச் சாகலாம் போல இருந்தது. "யாழ்ப்பாணத்திலை படிச்சால் பிள்ளையாரும் வேண்டாமோடி?" என்று அவளுடைய காதுக்குள்ளே கேட்டேன். மச்சாள் வளர்ப்பு, வேறு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். கொடிகாமம் வருமட்டும் நான் அவளோடு பேசவில்லை.

மச்சாள் வாசல் படலையில் நின்றார். மகள் என்னைத் தாண்டி ஓடினாள். ஆனால் மச்சாளைக் கட்டிப்பிடிக்கவில்லை, எட்டி நின்று ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் வீட்டின் பின்பக்கம் போனார்கள். நான் பெட்டியோடு முற்றத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மச்சாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மச்சாள், எங்கடை பிள்ளை பெரிசாகீட்டாள்" என்றார் என்னிடம்.

எங்கடை பிள்ளை. அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் கள்ளம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. பஸ்ஸில்தான் ஆகியிருக்கவேண்டும், என்ன கேடுகெட்ட நேரம், ஒருநாள் முந்தியிருக்கக் கூடாதா என்று என் மனம் அடித்துக்கொண்டது. மச்சாள் அதற்குள் அயல் வீட்டுக்குக் குரல் கொடுத்து, குடம் கழுவி, அறுகம்புல்லும் பாலும் தேடத் தொடங்கிவிட்டார். துலா கிரீச்சிட்டது. நான் குசினி வாசலில் நின்று அந்தத் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டேன். தாய் பார்க்கக்கூடாது என்று யாரோ என்னை உள்ளே போகச் சொன்னார்கள்.

பின்னேரம் ஆட்கள் போனபிறகு மகள் இருந்த மூலைக்குப் போனேன். புதுப் பாயில், மச்சாளின் நல்ல சேலையைச் சுற்றிக்கொண்டு இருந்தாள். தொடக்கூடாது, எட்டத்தில் குந்தினேன். பஸ்ஸில் எந்த இடத்தில் தெரிந்தது என்று கேட்டேன். அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்சிலை இல்லை அம்மா. நேற்றுக் காலமை. வீட்டிலை."

முறிகண்டியில் இறங்காதது, திருநீற்றுக்கு முகத்தைத் திருப்பியது எல்லாம் அப்போதுதான் விளங்கியது. துடக்கோடு கோயில் வாசலை மிதிக்கப் பயந்திருக்கிறாள். பிள்ளையாருக்குப் பயந்தவள் காட்டு வழிக்கும் பேய்க்கும் பயப்படவில்லை, என்னிடம் மட்டும் ஒளித்திருக்கிறாள்.

"ஏன்ரி எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டிருக்கமாட்டியள்."

"விட்டிருக்கமாட்டன்தான். மாமிக்கு ஆள் அனுப்பியிருப்பம். அவா வந்து வார்த்திருப்பா. மாமியும் நானும் எண்டு எல்லாரும் உன்னோடை இருந்திருப்பம்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"மாமி வந்தாலும் தண்ணி வார்த்துப்போட்டு அடுத்த பஸ்சிலை திரும்பியிருப்பா. எனக்கு முழுநாளும் மாமி பக்கத்திலை இருக்கோணும் போலை இருந்தது."

நான் எழும்பினேன். திட்ட வாய் வந்தது. எதைத் திட்டுவது? அவள் பொய் சொல்லவில்லையே. மச்சாள் உழுந்துக்களியும் நல்லெண்ணெயும் கொண்டு வந்தார், எனக்கும் ஒரு கோப்பை. "நீங்களும் சாப்பிடுங்கோ, காலமை வெளிக்கிட்டனீங்கள்" என்றார். வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல களி. நான் கிண்டினால் அப்படி வராது. அதற்கும் வயிறு எரிந்தது.

சடங்கு நாளில் இவர் வாழைக்குலையும் நெல்லுமாக வந்து சேர்ந்தார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இவர் கதிரையின் விளிம்பில் இருந்து, கேட்டவர்களுக்கெல்லாம் வன்னி மழையைப் பற்றிச் சொன்னார். முற்றம் நிறையச் சனம். மகளுடன் படிக்கிற பிள்ளைகள், ரீச்சர்மார், அத்தானின் கந்தோர் ஆட்கள். மச்சாளின் சங்கிலி பிள்ளையின் கழுத்தில். ஆலாத்தி எடுக்கும்போது பிள்ளை ஒருமுறை கூட்டத்துக்குள்ளே தேடினாள். நான் கையை உயர்த்தினேன். அவளுடைய கண் என்னைத் தாண்டிப்போய் மச்சாளிடம் நின்றது, அப்போதுதான் சிரித்தாள்.

நான் சுவரோரம் பெண்கள் இருந்த பாய்ப் பக்கம் போனேன். மச்சாளின் அயலவள் ஒருத்தி, முன்பின் கண்டிராதவள், வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை?"

"பெத்தனான்" என்றேன்.

"அப்பிடியே?" என்று கொஞ்சம் அரக்கி எனக்கு இருக்க இடம் விட்டாள். பிறகு வெற்றிலையில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டே, எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்டாள்.