பழவேற்காட்டில் கரைத்த வெல்லம்

தங்கையின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் வயிற்றில் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். திருவள்ளூரிலிருந்து பேசின் பிரிட்ஜ் போய், வண்டி மாறி, அங்கிருந்து வடக்கே. திரும்பவும் அதே மாதிரி. பாதி ஆயுள் நடைமேடையில் நின்றே கழிந்தது. இதற்கு நடுவில் கல்யாண வேலை. அப்பா இல்லாத வீடு. பந்தல்காரர் முதல் நாயனக்காரர் வரை எல்லோரும் என்னைத்தான் தேடினார்கள். உடம்பு சுட ஆரம்பித்துச் சில நாட்களாகியிருந்தன. அலைச்சல் என்று விட்டுவிட்டேன்.

அன்று விடியற்காலை கிணற்றடியில் பனியனைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். வயிறு, விலா, முழங்கை எங்கும் புள்ளிகள். அம்மை! கையிலிருந்த சொம்பு தானாகக் கிணற்றுக்குள் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் அம்மை என்றால் வாசலில் வேப்பிலை. வேப்பிலை கட்டிய வாசலில் வாழைமரம் கட்ட முடியாது. காஞ்சிபுரத்து மாப்பிள்ளை வீட்டார் தங்கள் வீட்டுச் சாவு ஒன்றினால் ஏற்கெனவே ஒரு தரம் முகூர்த்தத்தைத் தள்ளியிருந்தார்கள். இன்னொரு தரம் தள்ளினால் இந்தப் பெண்ணுக்கு ராசியில்லை என்று விலகிவிடுவார்கள். தங்கை கூடத்தில் உட்கார்ந்து புதுப் புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து கொல்லை வழியாக வெளியேறினேன். கக்கத்தில் ஒரு பை. பையில் ஒரு வெல்ல உருண்டை.

வெல்லத்துக்குக் காரணம் உண்டு. உடம்பு சரியில்லையென்றால் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது வழக்கம். வெல்லம் கரைகிற மாதிரி வியாதியும் கரையும். எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்து கரைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் எங்களுடையது அந்தக் கோயிலிலேயே கைங்கரியம் செய்கிற குடும்பம். குளத்துப் படியில் நான் வெல்லத்தோடு இறங்கினால், அது கரைவதற்குள் நாலு வீதிக்கும் சேதி போய்விடும். ஆகவே என்னைத் தெரியாத தண்ணீர் ஒன்று வேண்டியிருந்தது. காய்ச்சல்காரன் மூளைக்கு இது அபாரமான யோசனையாகப் பட்டது.

பொன்னேரியில் இறங்கி, யார் மேலும் படாமல் பஸ்ஸின் படிக்கட்டிலேயே தொங்கிக்கொண்டு, பழவேற்காடு போய்ச் சேர்ந்தேன். உள்ளே இடம் இருந்தது. கண்டக்டர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

பழைய ஊர். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக் கப்பல் ஓட்டிய இடம் என்று தொழிற்சாலையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோட்டையைத் தேடினேன். அகழி மாதிரி ஒரு பள்ளமும், நிறைய முள்செடியும், அதில் மேய்ந்த ஆடுகளும்தான் கிடைத்தன. கண் எரிந்தது, கால் பின்னியது. நிழலுக்காக ஒரு மதிலோரம் ஒதுங்கி, அங்கிருந்த வாசலில் சாய்ந்து உட்கார்ந்து நிமிர்ந்தால், பக்கத்தில் ஒரு எலும்புக்கூடு நிற்கிறது. எதிர்ப்பக்கம் இன்னொன்று.

கல்லில் செதுக்கியவைதான். வெள்ளைக்காரர்களின் இடுகாட்டு வாசல் அது. இது புரிவதற்கு ஆன நேரத்தில் நான் செத்து, எனக்குப் பதில் யார் தாரை வார்ப்பது என்பது வரை யோசித்து முடித்திருந்தேன். உள்ளே பெரிய பெரிய கல்லறைகள், படிக்கத் தெரியாத எழுத்துகள். எங்கிருந்தோ கப்பலேறி வந்து, காய்ச்சலில் படுத்து, இங்கேயே தங்கிவிட்டவர்கள். எனக்கு ரொம்பச் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தது. எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு ஏரிக்கரைக்குப் போனேன். படகுகளுக்கு அப்பால் ஒதுக்குப்புறமாக இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, கிழக்கா மேற்கா என்று தெரியாமல் ஏதோ ஒரு திசையைக் கும்பிட்டு, வெல்லத்தைத் தண்ணீரில் அமுக்கினேன். கோயிலில் விலைக்கு வாங்கிப் போடுகிற வெல்லம் உடனே கரையும். அம்மா அதிரசத்துக்கு வைத்திருந்த இந்த உருண்டை கல். தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

கரையில் இறால் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கூடையை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"இன்னா ஐயரே, ஏரிய பாயசமாக்கப் போறியா?"

நெற்றியில் பட்டை நாமத்தோடு நிற்கிறவனை ஐயரே என்றதைத் திருத்த எனக்குத் தெம்பில்லை.

"வேண்டுதல்மா."

"வேண்டுதலா? உப்புத் தண்ணியிலயா? உங்க சாமி வாயில வெச்சாத் துப்பிடும்."

"கிட்ட வராதீங்கம்மா. எனக்கு உடம்பு சரியில்லை."

அவள் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டடி வந்தாள். "ஒடம்பு சரியில்லாதவன் ஏன் தண்ணியில நின்னுகினு கீற? மேல ஏறு. ஏ, ஏ, அசையாத! கழுத்தாண்ட ஊருது பாரு!"

"என்ன ஊருது?"

"மூட்டப்பூச்சி. தோ, ஒண்ணா ரெண்டா! காலர்ல குடும்பமே கீது. எங்க படுத்து எழுந்தே நீ? டேசன் பெஞ்சிலயா?"

எங்கே படுத்தேன்? சம்பந்தி வீட்டார் படுப்பதற்காகப் பந்தல்காரர் முன்கூட்டியே கொண்டுவந்து போட்ட வாடகை மெத்தைகள் கூடத்தில் குவிந்து கிடந்தன. வேறு இடமில்லாமல் அந்தக் குவியலின் மேலேயே நான் தூங்கிக்கொண்டிருந்தேன். முழங்கையைத் திருப்பிப் பார்த்தேன். புள்ளிகள் வரிசையாக, கடித்துக் கடித்து நகர்ந்து போன தடமாக இருந்தன.

அம்மை இல்லை. கல்யாணம் நடக்கும். அந்த நிம்மதியில் கரைச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். கரையாத வெல்லத்தைத் துடைத்து அந்த அம்மாளிடம் நீட்டினேன். வாங்கிக் கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது, உப்பு போட்ட வெல்லம்," என்றாள்.

விளக்கு வைத்து வெகுநேரமான பிறகு வீடு வந்து சேர்ந்தேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எங்கேடா தொலைஞ்சே? நாலு நாளா உடம்பு அனலாக் கொதிக்கறது, தெரியாதுன்னு நினைச்சியா? காலம்பறவே குளத்துல வெல்லம் கரைச்சுட்டு வந்தேன்."

"யாராவது பார்த்தாளா?"

"ஊரே பார்த்தது. அலைச்சல் ஜுரம்னு சொன்னேன். அதிரசத்துக்கு வெச்ச உருண்டையை எங்கே காணோம்?"

நான் போய்த் தரையில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஜுரத்தோடு மெத்தைகளை ஒவ்வொன்றாகக் கொல்லை வெயிலுக்கு இழுத்துப் போட்டு அடித்தேன். எல்லாம் போய்விட்டது என்றுதான் நம்பினேன். முகூர்த்தத்தன்று விடியற்காலை, மாப்பிள்ளையின் பெரியப்பா தூணுக்குப் பின்னால் ஒதுங்கிச் சட்டையைத் தூக்கித் தன் வயிற்றைப் பார்ப்பதைப் பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். மந்திரச் சத்தத்துக்கு நடுவே ஓடிப்போய் அவர் காதில் சொன்னேன்:

"பயப்படாதீங்கோ மாமா, மூட்டைப்பூச்சிதான்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவேயில்லை.